கல்லாப் பெட்டியும் காசு விழுங்கும் பெட்டியும்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இராமேசுவரம் நிலையத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டிருந்தது. ஆயினும் ஊருக்குச் செய்தித்தாள் வந்தாக வேண்டுமே! என்ன செய்தார்கள் தெரியுமா? இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஓடுகின்ற இரயிலிலிருந்தே செய்தித்தாள் கட்டுகளை வெளியே வீசினார்கள். ஊரில் செய்தித்தாள் விநியோகம் செய்துவந்த சம்சுதீன் என்பவர், அக்கட்டுகளைப் பிடித்துச் சேர்க்கத் தம் உறவினரான ஒரு சிறுவனைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அச்சிறுவனே பின்னாளில் நம் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

வளர்ந்து திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்த காலத்திலும் கலாமுக்கு ஊரில் வேலை காத்திருந்தது. அண்ணன் முஸ்தபா கமால் இராமேசுவரம் இரயில் நிலையச் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். சற்று உதவி செய் என்று தம்பியை அழைப்பார். பிறகு கடையை ஒப்படைத்துவிட்டு மணிக்கணக்கில் வெளியே போய்விடுவார். எண்ணெய், வெங்காயம், அரிசி என்று எல்லாவற்றையும் கலாமே விற்பார். அங்கிருந்து விடுபட்டால், மற்றொரு சகோதரர் காசிம் முகமதின் சிறு கடையில் சிப்பிகளால் செய்த அழகுப் பொருள்களை விற்கும் பணி. இவற்றை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஓடும் இரயிலிலிருந்து விழும் கட்டு, கடை வாசலில் வந்து நிற்கும் ஆள் - இரண்டிலும் நிலைமை ஒன்றுதான். வருவது தன் வேகத்தில் வருகிறது. நமக்கு இருப்பவையோ இரண்டே கைகள். இதே நிலைமையை ஒரு பெட்டிக்குள் அடைத்து, காசு போட்டால் ஆடலாம் என்று 1970களில் மேலை நாடுகளிலும் ஜப்பானிலும் வீடியோ விளையாட்டு எந்திரங்களைச் செய்தார்கள். அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசியில் குடியிருக்கின்றன.

அந்தப் பழைய எந்திரங்கள் கடை நடத்துவோருக்குச் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. அது, 'எதிலும் சிறிது மிச்சம் வேண்டும்' என்பதாகும். நேரத்தில் மிச்சம், இடத்தில் மிச்சம், சரக்கில் மிச்சம். ஆனால் எவ்வளவு மிச்சம்? இதற்குக் கணிதம் விடை தருகிறது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

வெளிவழி அடைபட்ட எந்திரம்

1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சன்னிவேல் என்ற ஊரின் விடுதி ஒன்றில் 'பாங்' என்னும் விளையாட்டு எந்திரம் வைக்கப்பட்டது. திரையில் ஒரு புள்ளி பந்தாக ஓடும். இரு பக்கமும் உள்ள கோடுகள் மட்டைகளாக அதைத் திருப்பி அடிக்கும். சில நாள்களில் எந்திரம் நின்றுவிட்டது. அதை வடிவமைத்த பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் நேரில் வந்து திறந்து பார்த்தார். மின்சுற்றில் ஒரு பழுதும் இல்லை. காசு விழும் பெட்டி நிரம்பி வழிந்து, மேலும் காசு போக வழியின்றி அடைத்துக்கொண்டிருந்தது!

வருமானம் மிகுந்ததே எந்திரத்தை நிறுத்திவிட்டது. ஓர் அமைப்பினுள் எவ்வளவு வேகமாகச் சரக்கு நுழைகிறது என்பது மட்டும் போதாது. வெளியேறும் வழியும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். கடையில் இந்த வெளிவழி பல உருவங்களில் அடைபடும். கல்லாவில் சில்லறை தீர்ந்துபோவது ஓர் அடைப்பு. ஒரே தராசுக்கு இரண்டு பேர் காத்து நிற்பது இன்னோர் அடைப்பு. கூட்டம் குறைவு என்று கடைக்காரர் வருந்தும் நாளை விட, கூட்டம் வந்தும் விற்க முடியாத நாளே பெரிய நட்டம்.

வரிசையின் கணிதம்

1983இல் 'டாப்பர்' என்று ஒரு விளையாட்டு வந்தது. இது கடை நடத்தும் விளையாட்டேதான். திரையில் நான்கு நீண்ட மேசைகள். ஒவ்வொன்றின் மறுமுனையிலிருந்தும் வாடிக்கையாளர்கள் நம்மை நோக்கி முன்னேறி வருவார்கள். நாம் பானக் குவளையை நிரப்பி மேசைமேல் தள்ளிவிட வேண்டும். யாரேனும் ஒருவர் குவளை கிடைக்காமல் நம் முனைவரை வந்துவிட்டால், ஆட்டத்தில் ஓர் உயிர் போயிற்று. முதலில் எளிதாக இருக்கும். வருகை சற்றுக் கூடியதும் திடீரென்று கை மீறிவிடும். ஏன் 'திடீரென்று'?

இக்கேள்விக்கு விடை தரும் துறைக்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த டென்மார்க் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங், 1909இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இத்துறைக்கு அடிகோலினார்.

ஒரு கடையில் ஒருவரே விற்பதாகக் கொள்வோம். ஒருவருக்குப் பொருள் கொடுத்து, காசு வாங்க, சராசரியாக 1 நிமிடம் ஆகிறது. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். ஆட்கள் முன்னறிவிப்பின்றி இங்கொருவர் அங்கொருவராக வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கடைக்காரரின் கை எத்தனை பங்கு நேரம் வேலையில் இருக்கிறதோ அதைச் 'சுமை' என்போம். அப்போது,

சராசரிக் காத்திருப்பு = ஒருவருக்கு ஆகும் நேரம் × சுமை ÷ (1 − சுமை)

எண்களை இட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 பேர் வந்தால் சுமை 0.5, காத்திருப்பு 1 நிமிடம். 45 பேர் வந்தால் சுமை 0.75, காத்திருப்பு 3 நிமிடம். 54 பேர் வந்தால் சுமை 0.9, காத்திருப்பு 9 நிமிடம். 57 பேர் வந்தால் சுமை 0.95, காத்திருப்பு 19 நிமிடம்! மணிக்கு 60 பேர் தொடர்ந்து வந்தாலோ வகுக்கும் எண் சுழியாகிவிடும்; வரிசை முடிவின்றி நீளும்.

54 பேருக்கும் 57 பேருக்கும் வேறுபாடு மூன்றே பேர். ஆனால் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. கடைக்காரரின் மிச்ச நேரம் பத்தில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்காகப் பாதியானதே காரணம்.

இதன் மறுபக்கம் மகிழ்ச்சியானது. மணிக்கு 54 பேர் வரும் அதே கடையில், அதிகம் விற்கும் பொருளைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்து, சர்க்கரையை முன்கூட்டியே பொட்டலம் கட்டி, சில்லறையைப் பிரித்து வைத்து, ஓர் ஆளுக்கு ஆகும் நேரத்தை 60 விநாடியிலிருந்து 50 விநாடியாகக் குறைத்தால் என்ன ஆகும்? சுமை 0.75 ஆகும். காத்திருப்பு 9 நிமிடத்திலிருந்து 2½ நிமிடமாக இறங்கிவிடும். பத்து விநாடி செய்த வேலை இது! நேரத்தைக் குறைக்காமல், அண்ணனுக்குத் துணையாகத் தம்பியும் வந்து நின்று, ஒரே வரிசைக்கு இருவரும் விற்றால், காத்திருப்பு ஏறக்குறைய 15 விநாடிதான்.

இரயில் வந்த நேரம்

இதுவரை ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இராமேசுவரம் போன்ற யாத்திரைத் தலத்தில் அப்படியா வருகிறார்கள்? 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து இரயில் மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கியது. 1988இல் சாலைப் பாலம் திறந்த பின் பேருந்துகளும் சேர்ந்துகொண்டன. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் நின்று, 2025 ஏப்ரல் 6 அன்று நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலம் மாறினாலும் கூட்டம் கொத்தாக வரும் இயல்பு மாறவில்லை.

மணிக்கு ஒருமுறை 20 பேர் ஒன்றாக வந்து இறங்குவதாகக் கொள்வோம். ஒருவருக்கு 1 நிமிடம். கடைக்காரர் மணிக்கு 20 நிமிடமே உழைக்கிறார்; 40 நிமிடம் ஈ ஓட்டுகிறார். ஆனாலும் முதலாமவர் காத்திருப்பது 0 நிமிடம், இருபதாமவர் 19 நிமிடம். சராசரி 9½ நிமிடம். நாள் முழுதும் ஓயாது உழைத்த முந்தைய கடைக்காரரின் வாடிக்கையாளர் பட்ட பாட்டையே இவருடைய வாடிக்கையாளரும் படுகிறார்!

ஆகவே அந்த 40 நிமிடம் ஓய்வு நேரமன்று. அடுத்த அலைக்கு ஆயத்தம் செய்யும் நேரம். விளையாட்டில் ஓர் அலை முடிந்து அடுத்த அலை தொடங்கும் முன் திரை சில விநாடி அமைதியாக இருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர் அப்போதுதான் தம் இடத்தைச் சரிசெய்துகொள்வார்.

ஐம்பத்தைந்து பகைவரும் ஒரு நுண்செயலியும்

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமோகிரோ நிசிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' உலகப் புகழ் பெற்றது. வேற்றுக்கோளிலிருந்து வரும் பகைவர் 5 வரிசை, வரிசைக்கு 11 பேர், மொத்தம் 55. சுடச் சுட எஞ்சியவர்கள் வேகமெடுப்பார்கள். கடைசி ஒருவர் மின்னலாய்ப் பாய்வார்.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? எந்திரத்தின் நுண்செயலி, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் உருவத்தைத்தான் நகர்த்தும். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. 55 பேர் இருந்தால் ஒரு சுற்று முடிய 55/60 விநாடி, அதாவது ஏறத்தாழ 0.9 விநாடி ஆகும். 11 பேர் மட்டும் எஞ்சினால் 0.18 விநாடி. ஒருவரே எஞ்சினால், ஒவ்வொரு முறையும் அவர் முறைதான்!

அந்த நுண்செயலியை நம் மளிகைக் கடைக்காரராக எண்ணிக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, மிளகாய், புளி, கருப்பட்டி என்று ஒவ்வொரு சரக்கையும் அவரே முறைவைத்துப் பார்க்க வேண்டும்: இருப்பு எவ்வளவு, பூச்சி பிடித்ததா, விலை மாறியதா? நாளைக்கு ஒரு சரக்கைப் பார்க்க நேரம் உண்டென்றால், 55 வகை வைத்திருப்பவர் அரிசி மூட்டையைத் திரும்பப் பார்க்க 55 நாள் ஆகும். 11 வகை வைத்திருப்பவருக்கு 11 நாள். கடையில் வகை கூடுவது பெருமைதான். ஆனால் ஒவ்வொரு புதிய வகையும் மற்றவற்றின் மேல் விழும் பார்வையைச் சிறிது பறித்துக்கொள்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

இளஞ்சிவப்புப் பேயின் அறிவு

1980இல் தோரு இவதானி உருவாக்கிய 'பாக்மேன்' விளையாட்டில், வளைந்து நெளிந்த பாதையில் புள்ளிகளைத் தின்று செல்லும் வட்ட உருவத்தை நான்கு பேய்கள் துரத்தும். சிவப்புப் பேய், ஆட்டக்காரர் இப்போது எங்கே இருக்கிறாரோ அந்த இடத்தைக் குறிவைக்கும். இளஞ்சிவப்புப் பேயோ, அவர் செல்லும் திசையில் நான்கு கட்டம் முன்னால் உள்ள இடத்தைக் குறிவைத்து வழிமறிக்கும்.

சென்ற வாரம் விற்றதைப் பார்த்து இந்த வாரம் கொள்முதல் செய்பவர் சிவப்புப் பேய். சரக்கு வந்து சேரும்போது தேவை வேறிடம் போயிருக்கும். இளஞ்சிவப்புப் பேயின் வழி வேறு: மதுரையிலிருந்து சரக்கு வர இரண்டு நாள் ஆகுமென்றால், இரண்டு நாள் கழித்து என்ன நடக்கும் என்று பார்ப்பது. இராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு நல்ல வழிகாட்டி உண்டு. அது சுவரில் தொங்கும் நாள்காட்டி! ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் நீராட வரும் கூட்டத்தை முன்பே சொல்லிவிடுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை இருக்கும். அந்நாள்களில் மீனவர் தெருவில் கையில் காசு குறையும், கடன் கேட்பது கூடும் என்பதும் முன்பே தெரியும்.

உடைந்த குவளையும் வாடிய மாலையும்

'டாப்பர்' விளையாட்டுக்கு மீண்டும் வருவோம். பயந்துபோய், ஆள் வருவதற்கு முன்பே குவளைகளைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? வாங்க ஆளின்றிக் குவளை மேசையின் கோடியில் விழுந்து உடையும். அப்போதும் ஓர் உயிர் போகும். குறைந்தாலும் தண்டனை, மிகுந்தாலும் தண்டனை. அன்றன்று தீர்க்க வேண்டிய சரக்கை விற்கும் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. கணிதத்தில் இதற்குப் பெயரே 'செய்தித்தாள் விற்பவர் கணக்கு' என்பதாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு பூக்கடையைக் கொள்வோம். ஒரு மாலை வாங்கும் விலை 30 ரூபாய். விற்கும் விலை 50 ரூபாய். மறுநாள் வாடிவிடும். பத்து நாள்களில் கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கடைக்காரர் குறித்து, சிறியதிலிருந்து பெரியதாக எழுதுகிறார்: 20, 22, 25, 26, 28, 30, 31, 33, 36, 40. சராசரி 29.1. அப்படியானால் 29 மாலை வாங்கலாமா?

29ஆவது மாலையை மட்டும் தனியே நிறுத்தி விசாரிப்போம். அது பத்து நாளில் 5 நாள் விற்கும்; இலாபம் 5 × 20 = 100 ரூபாய். மற்ற 5 நாள் வாடும்; நட்டம் 5 × 30 = 150 ரூபாய். ஆகவே அது வேண்டாத மாலை. 26ஆவது மாலையோ 7 நாள் விற்று 140 ரூபாய் தரும். 3 நாள் வாடி 90 ரூபாயைத் தின்னும். அது வேண்டிய மாலை. 27ஆவது, 28ஆவது மாலைகளில் இலாபமும் நட்டமும் 120 ரூபாயாகச் சமமாகிவிடுகின்றன. ஆக, 26 மாலையோடு நிறுத்துவது தக்கது.

இதே கணக்கை உப்புக்கோ தீப்பெட்டிக்கோ போட்டால் விடை மாறும். அவை வாடுவதில்லை, மீந்தால் நாளை விற்கும். ஆகவே அவற்றில் மிச்சம் கூடுதலாக வைக்கலாம். எவ்வளவு மிச்சம் என்பது மீந்தால் ஆகும் நட்டத்தையும், இல்லையென்று சொன்னால் ஆகும் நட்டத்தையும் பொறுத்தது.

அடுக்கும் கலை

1984இல் மாஸ்கோவில் அலெக்சி பாஜிட்னோவ் ஆக்கிய 'டெட்ரிஸ்', 1988இல் காசு போட்டு ஆடும் எந்திரமாகவும் வெளிவந்தது. நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகை உருவங்கள் மேலிருந்து விழும். இடைவெளியின்றி அடுக்க வேண்டும். இதில் தோற்பவரைக் கவனியுங்கள். அடியில் ஒரு பள்ளத்தை மூடிவிட்டு மேலே மேலே அடுக்குவார்கள். கடையிலும் பழைய மூட்டையின் மேல் புதிய மூட்டையை இறக்கினால், அடியில் உள்ளது அங்கேயே உளுத்துப்போகும். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வழி இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வரப்போகும் உருவங்கள் அனைத்தும் முன்கூட்டியே தெரிந்தாலும், மிகச் சிறந்த அடுக்கு முறையைக் கண்டுபிடிப்பது கணிப்பொறிக்கும் மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். எனவே கடைக்காரர் மிகச் சிறந்த அடுக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓர் அலமாரித் தட்டைக் காலியாக விட்டாலே போதும். அடுத்து வருவதை வைக்கவும், உள்ளே இருப்பதை மாற்றி அடுக்கவும் இடம் கிடைக்கும்.

விளையாட்டு சொல்லித்தராத பாடம்

இந்த எந்திரங்களைச் செய்தவர்களும் கடைக்காரர்களே என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் விற்றது ஆட்ட நேரம். ஒருவரே நெடுநேரம் ஆடினால் அடுத்த காசு விழாது. ஆகவே சுமை 1ஐத் தாண்டும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி விதிகளை வகுத்தார்கள். ஆட்டக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் முடிவில் பெரும்பாலும் தோல்விதான்.

கடை அப்படியன்று. கடைக்காரர் விதியையே மாற்றலாம். துணைக்கு ஆள் வைக்கலாம்; வகையைக் குறைக்கலாம்; இரயில் வரும் நேரத்தை விசாரித்துக்கொள்ளலாம். விளையாட்டில் வாடிக்கையாளர் முகமற்ற உருவம். கடையிலோ அவர் நாளையும் வர வேண்டிய அடுத்த தெருக்காரர். "அண்ணே, ஒரு நிமிசம், இந்தா வந்துட்டேன்" என்ற ஒரு சொல்லுக்காகப் பொறுத்திருப்பவர்.

மேலும், விளையாட்டில் எண்ணிக்கை கூடினால் வெற்றி. கடையில் அது மட்டும் போதுமா? அண்ணனின் கடையில் மிக வேகமாக விற்றவை சிகரெட்டும் பீடியும்தான் என்பதை இளைஞர் கலாம் கண்டார். ஏழை மக்கள் பாடுபட்டுச் சேர்த்த காசை ஏன் இப்படிப் புகையாக்குகிறார்கள் என்று வியந்தார். கல்லாப் பெட்டி எழுப்பாத கேள்வி அது. மன்னார் வளைகுடாவின் பவளமும், சில அரிய சங்கு வகைகளும் சட்டத்தால் காக்கப்பட்டவை. கேட்க ஆள் உண்டு என்பதற்காக அவற்றைச் சிப்பிக் கடையில் விற்க முடியாது. கடலிலும் மிச்சம் வேண்டும் அல்லவா?

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் கடையிலோ, பள்ளிச் சிற்றுண்டிக் கடையிலோ, அனுமதி பெற்று ஒரு மணி நேரம் ஓரமாக அமருங்கள். ஒரு தாளில் ஒவ்வொருவரும் வந்த நேரம், பொருள் கொடுக்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகிய மூன்றையும் குறியுங்கள். இவற்றிலிருந்து ஓர் ஆளுக்கு ஆகும் சராசரி நேரம், சுமை, சராசரிக் காத்திருப்பு ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். மேலே கண்ட வாய்பாடு தரும் விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ஆட்கள் கொத்தாக வந்தார்களா என்று பாருங்கள். மணி அடித்ததும் ஓடி வரும் உங்கள் நண்பர்கள்தாம் அந்த இரயில்!

பிறகு ஒரு மாற்றத்தை மட்டும் செய்யச் சொல்லுங்கள்: சில்லறையைப் பிரித்து வைப்பது அல்லது அதிகம் விற்கும் பொருளை முன்னால் வைப்பது. மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். ஒருவருக்கு எத்தனை விநாடி மிச்சமாயிற்று, வரிசையில் எத்தனை நிமிடம் குறைந்தது என்ற இரண்டு எண்களையும் கடைக்காரரிடம் காட்டுங்கள்.